ரோமாபுரி டீச்சரும் புளித்த ரசமும்

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் தருமபுரி மாவட்டத்தை நிர்வாகம் செய்தது கலெக்டர்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அது பாதிதான் உண்மை. கலெக்டர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே இருந்த வரிகளை அடித்தவர்கள் நாங்கள். நாங்கள் எல்லோரும் ஒரே பெண்மணியிடம் டைப் படித்தவர்கள். அவர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்ததோ, செத்து இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்ட ரோமாபுரி நையாண்டிக்காரர்களை வைத்து. அந்தக் காலத்தில் உங்கள் தாத்தா பட்டா மாறுதலோ துப்பாக்கி லைசென்ஸோ வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை அடித்த விரல்கள் ரோமாபுரியில் தயாரானவை.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அது சர்டிபிகேட்டில் மட்டும்தான் வாழ்ந்தது. ஊருக்கு அவர் ரோமாபுரி டீச்சர். பாலக்கோடு ரோட்டில் ஒரு கிராமத்தில் ராகியும் கடலையும் போட்ட கத்தோலிக்கக் குடும்பம். சேலத்தில் கன்னியாஸ்திரீகளிடம் டைப் படித்துவிட்டு, இரண்டு மெஷினோடு தருமபுரிக்கு வந்து அவற்றை ஒன்பதாக்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், ஒன்பது மெஷினையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளத் தயாராக ஒருவரும் வரவில்லை என்பாராம். கட்டை குட்டையான உருவம், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், மழைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும்கூட ஒரே கறுப்புக் குடை. சைக்கிளில் போகும்போதும் குடை விரித்திருக்கும். எதிரே வரும் பஸ்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கியும் இருக்கிறது.

இன்ஸ்டிட்யூட் இருந்தது ஒரு புளி மண்டியின் மாடியில். கீழே தரையெல்லாம் புளி, மேலே ஒன்பது மெஷின். நாங்கள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் கூடவே கொஞ்சம் குழம்பும் இழுத்தோம். ஏ, எஸ், டி, எஃப் என்று நாலு எழுத்து அடிப்பதற்குள் வாயில் எச்சில் ஊறிவிடும். புளி வாசனை இல்லாத இடத்தில் எனக்கு இன்றைக்கும் ஸ்பீடு வராது.

ரோமாபுரிக்காரர்கள் புளி மண்டிக்கு மேலே எப்படி வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். டீச்சர் தன் பங்குக் கோயிலுக்குக் கடிதங்கள் டைப் அடித்துக் கொடுப்பார். அங்கிருந்த வெள்ளைக்கார ஃபாதர் வயதாகி ஊருக்குத் திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் எலிகள் ஏற்கெனவே படித்து முடித்திருந்தன. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அட்டை இல்லை. முதல் பதினைந்து இருபது பக்கம் இல்லை. கடைசியிலும் எத்தனை போயிற்றோ தெரியாது. யார் எழுதியது, யார் இங்கிலீஷில் மாற்றியது, ஒன்றும் தெரியாது. ஃபாதர் கொடுத்ததாயிற்றே என்று டீச்சர் அதை ஜெபப் புத்தகமாக நினைத்து முழந்தாளிட்டு நாலு பக்கம் படித்தாராம். ஐந்தாவது பக்கத்தில், பணக்காரன் ஒருவன் தன் கவிதையைத் தானே படித்துக்காட்ட ஆட்களைக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறான். டீச்சர் முழந்தாளிட்டபடியே சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். செய்துவிட்டு வந்து ஆறாவது பக்கத்தைப் படித்தார்.

பண்டைய ரோமாபுரியின் கிண்டல் பாட்டுகளும் வேடிக்கைக் கதைகளும் கலந்த தொகுப்பு அது. சாகக் கிடக்கும் கிழவனைச் சொத்துக்காகப் பழக்கூடையோடு சுற்றுகிறவர்கள் இருந்தார்கள். பழத்தைத் தின்று தின்றே கிழவன் தேறிவிடுகிறான். வாடகை வீடு எந்நேரமும் தலையில் விழலாம் என்று குடையோடு படுக்கிறவன் இருந்தான். நேற்று வரைக்கும் மூட்டை தூக்கிவிட்டு இன்றைக்குப் பரம்பரைப் பெருமை பேசுகிறவன் இருந்தான். டீச்சருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவர்கள் எல்லோரையும் அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்திருக்கிறார்.

சர்க்கார் ஆபீஸ்களில் தமிழ் டைப் வந்துகொண்டிருந்த காலம் அது. தமிழில் அடித்துப் பழகப் பாடம் கிடைக்காது. இருந்தது இரண்டு: பொன்மொழிகள், பசுவைப் பற்றிய வியாசம். "எத்தன தடவதான் பசுவைப் பத்தி அடிப்பீங்க கண்ணு. அந்தப் பசுவுக்கே சலிச்சுப்போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் ரோமாபுரிக்காரர்களைத் தமிழில் மாற்ற உட்கார்ந்தார். வாரத்துக்கு ஒரு பக்கம். ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம்தான். காய்ச்சல் வந்த வாரத்திலும் ஒரு பக்கம் வந்தது. அவர் அண்ணன் வீட்டுக் கல்யாண வாரத்தில், முகூர்த்தத்துக்கு வந்த இடத்தில் ஓரமாக உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். மாப்பிள்ளை வீட்டார் அவரை மொய் எழுத வந்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவரிடம் படிப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. நாம் அடிக்கும்போது பின்னால் வந்து நிற்பார். வேடிக்கையான வரி வரும் இடத்தில் நாம் சிரிக்காவிட்டால், காகிதத்தை உருளையிலிருந்து உருவிவிடுவார். "சிரிக்கலைன்னா நீ படிக்கலை. படிக்காம அடிக்கறதுக்குக் கொரங்கு போதும்." சரி என்று சிரித்தால் விரல் தவறும். விரல் தவறினால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். ஆகவே உடம்பு குலுங்காமல், விரல் நடுங்காமல், முகத்தால் மட்டும் சிரிக்கும் ஒரு வித்தையை நாங்கள் கற்றுக்கொண்டோம். பின்னாளில் மேலதிகாரிகள் ஜோக் சொன்னபோதெல்லாம் எங்களுக்கு அதுதான் சோறு போட்டது.

இனி அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த கதை ஒரு விருந்தைப் பற்றியது. எஜமான் ஒருவன் ஊரையே சாப்பிடக் கூப்பிடுகிறான். முன்வரிசையில் அவனும் அவனுக்கு வேண்டியவர்களும். கொழுத்த பறவை அவர்களுக்கு. அதன் எலும்பு ஊறிய தண்ணீர் கடைசி வரிசைக்கு. எஜமானுக்குப் பழைய, வாசனையான திராட்சை மது. கடைசி வரிசைக்குப் புளித்துப்போனது.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பெண்பிள்ளைகளும் படிக்கும் இடத்தில் மது என்று எழுதுவானேன் என்று டீச்சர் கோயிலில் சொல்வதுபோலத் திராட்சை ரசம் என்று போட்டார். ஆனால் 'ட்சை' என்பது லோயர் கிரேடு பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கு ஒரு மலையேற்றம். சுண்டுவிரல், ஷிஃப்ட், மறுபடி சுண்டுவிரல். மூன்று பேர் அந்த வார்த்தையிலேயே கவிழ்ந்த பிறகு டீச்சர் திராட்சையை எடுத்துவிட்டார். மிஞ்சியது வெறும் ரசம். 'எஜமானுக்கு வாசனையான ரசம், கடைசி வரிசைக்குப் புளித்த ரசம்.' அடிப்பதற்குச் சுகமாக இருந்தது. நாங்கள் ஆளுக்கு இருபது தடவை அடித்தோம்.

அதோடு விட்டிருந்தால் ரோமாபுரி ரோமாபுரியாகவே இருந்திருக்கும். ஆனால் இன்ஸ்டிட்யூட்டில் மாதம் ஒரு மூட்டை பழைய காகிதம் சேரும். அது பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை விற்பவரிடம் போகும். அவர் அதைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை போட்டுக் கொடுப்பார். இப்படியாக ஓசூர் பஸ்ஸிலும் சேலம் பஸ்ஸிலும் ஏறியவர்கள், கடலை தீர்ந்த பிறகு பொழுது போகாமல், பொட்டலத்தைப் பிரித்து ரோமாபுரியைப் படித்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் எங்கள் மண்டிக்காரரும் கடலை வாங்கினார்.

மண்டிக்காரர் என்றால் எங்களுக்குக் கீழே புளி வைத்திருந்தவர், மாடியும் அவருடையதுதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தவே உயர்த்தாத மனிதர். இரண்டு மாதத்துக்கு முன்புதான் தன் மூத்த மகளுக்குக் கல்யாணம் செய்திருந்தார். அந்தக் கல்யாணத்தில் இரண்டு பந்தி. முன்கொட்டகையில் சன்ன அரிசி, நெய், லட்டு, இரண்டு பாயசம். பின்பக்கம் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் புளி கொட்டை எடுக்கும் பெண்களுக்கும் மோட்டா அரிசியும் ரசமும். அந்த ரசத்தின் புளிப்பைப் பற்றி ஊரே பேசியது. விற்காத புளி அதில் இறங்கியதாகவும் ஒரு பேச்சு இருந்தது.

அவர் மாடிக்கு ஏறி வந்தபோது ஒன்பது மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. கையில் எண்ணெய்க் கறை படிந்த பொட்டலக் காகிதம்.

"டீச்சரம்மா, இது நீங்க எழுதுனதுங்களா?"

"தமிழ்ல மாத்துனது நானுங்க. எழுதுனவரு ரோமாபுரிக்காரரு. செத்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சுங்க."

அவர் காகிதத்தை ஒரு தடவை பார்த்தார். எங்களை ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப எங்க வூட்டுப் பந்தியப் பத்தி அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் முகம் மலர்ந்தது. பயந்திருக்க வேண்டிய நேரத்தில் அப்படி மலர்ந்தது. எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எந்த ராஜாவும் கொடுத்திருக்க முடியாது என்று பின்னால் எங்களிடம் சொன்னார். அப்போது அந்த மலர்ச்சியைப் பார்த்த மண்டிக்காரர், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கேட்டது இரண்டு. அந்தப் பக்கத்தை இனி யாரும் அடிக்கக் கூடாது. அடுத்து, இது தன்னைப் பற்றியது இல்லை என்று டீச்சர் ஒரு காகிதத்தில் எழுதி மண்டி வாசலில் ஒட்ட வேண்டும். டீச்சர் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். அப்படி ஒட்டினால், இதுவரை கடலையை மட்டும் தின்றுவிட்டுப் போன ஆட்கள்கூட நின்று, எதைப் பற்றி என்று கேட்பார்கள் என்றார். அந்த நியாயம் மண்டிக்காரருக்கு எட்டவில்லை. ஒரு வாரத்தில் மாடியைக் காலி செய்துவிடும்படி, குரலை உயர்த்தாமல், சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. எங்களில் பாதிப் பேருக்கு அந்த லோயர் சர்டிபிகேட்தான் வாழ்க்கை. எனக்குக் கலெக்டர் ஆபீஸில் தற்காலிக வேலை ஒன்று தயாராக இருந்தது. சர்டிபிகேட் வந்தால் என்னுடையது, வராவிட்டால் வேறொருவனுடையது. என் அப்பா, டைப் படிக்கப் போன இடத்தில் ரோமாபுரிச் சண்டை எதற்கு என்று கேட்டார். 

நான்தான் டீச்சரிடம் போய் அந்த யோசனையைச் சொன்னேன். விட்டுப்போன திராட்சையைத் திரும்பச் சேர்த்துவிட்டால் ரசம் மதுவாகிவிடும், மது என்றால் புளி மண்டிக்குச் சம்பந்தமில்லை, மண்டிக்காரர் சமாதானமாகிவிடுவார். மூலத்திலும் அப்படித்தானே இருக்கிறது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நின்றேன்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திராட்சைய எடுத்தது தப்புதான் கண்ணு. எனக்கே தெரியும். ஆனா இன்னிக்குச் சேத்தா அது திருத்துனது ஆகாது, பயந்தது ஆயிரும். மெஷின எடுங்க."

எடுத்தோம். உச்சி வெயிலில், பஸ் ஸ்டாண்டு ரோட்டில், ஒன்பது டைப்ரைட்டர்கள் ஆட்களின் தலையிலும் தோளிலும் ஊர்வலம் போயின. அகலக் காகிதத்துக்கான நீள உருளை வைத்த, ஒரு கன்றுக்குட்டி கனம் இருந்த மெஷினை டீச்சரே தூக்கிக்கொண்டார். குடையை என்னிடம் கொடுத்து, அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். மேடு பள்ளத்தில் மெஷின்கள் குலுங்கும்போது வரி முடிவில் அடிக்கும் மணி தானாக அடித்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வளைவில் ஒரு போலீஸ்காரர் மறித்து, இது எந்தக் கட்சி, அனுமதி வாங்கியாயிற்றா என்று விசாரித்தார். இது கட்சி இல்லை, இன்ஸ்டிட்யூட் என்று டீச்சர் சொன்னார். போலீஸ்காரர் யோசித்துவிட்டு, கோஷம் போடாமல் போகச் சொன்னார்.

புது இடம் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பகலில் சாவிகளைத் தொட்டால் விரல் சுட்டது. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் மெஷின் மணி கேட்காது. வரி முடிந்தது தெரியாமல் காகிதத்துக்கு வெளியே அடித்துக்கொண்டிருப்போம். நாற்பது பேரில் பதினைந்து பேர் நின்றுவிட்டார்கள். டீச்சர் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டவில்லை. மழை நாளில் ஒவ்வொரு வரி முடியும்போதும் எங்கள் ஒவ்வொருவர் தோளிலும் ஸ்கேலால் தட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார். மணிக்குப் பதில் டீச்சர்.

அங்கே போன நாலாவது நாள், அந்த விருந்துப் பக்கத்தைத் தானே உட்கார்ந்து புதிதாக அடித்தார். 'கடைசி வரிசைக்குப் புளித்த திராட்சை ரசம்.' எங்களுக்குக் காட்டி, "இன்னிக்கு யாரும் மெரட்டலை. இப்பத் திருத்தலாம்" என்றார்.

பரீட்சை வந்தது. கொடுத்த பாடம் சிமெண்டைச் சேமித்து வைக்கும் முறை பற்றி. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு வரியிலும் வேடிக்கை எங்கே வருகிறது என்று காத்திருந்து ஏமாந்தார்கள். ஈரம் படாத இடத்தில் மூட்டைகளை அடுக்க வேண்டும் என்ற வரிக்கு ஒருவன் பழக்கதோஷத்தில் சிரித்துவைத்தான். மேற்பார்வையாளர் இரண்டு தடவை அவன் பக்கம் வந்து போனார். ஆனாலும் நாங்கள் பாஸ். தகரக் கொட்டகையில் மழைக்கு நடுவே அடித்தவனுக்குப் பரீட்சை ஹால் ஒரு பூந்தோட்டம்.

ரிசல்ட் வந்த வாரத்தில், நான் நன்றி சொல்லப் போயிருந்தபோது, கொட்டகை வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. மண்டிக்காரர். குனிந்து உள்ளே வந்தார். உட்கார டைப் ஸ்டூல்தான் இருந்தது. அதில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அதே பொட்டலக் காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்து, மடிப்பு எல்லாம் கிழிந்திருந்தது.

அந்தப் பக்கத்தின் கடைசியில் என்ன இருந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, எல்லோரும் பார்க்க, எஜமான் எதிரே போய் நிற்கிறான். 'ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்' என்கிறான். எஜமான் நிமிர்ந்து பார்க்கிறான். அவ்வளவுதான். புத்தகம் அங்கே கிழிந்திருந்தது.

"டீச்சரம்மா," என்றார் மண்டிக்காரர். "அந்த ஆளு என்ன கேட்டான்?"

தெரியாது என்றார் டீச்சர். அவர் நம்பவில்லை. தன்மேல் உள்ள கோபத்தில் மறைப்பதாக நினைத்தார். டீச்சர் பீரோவைத் திறந்து புத்தகத்தையே எடுத்துக் கையில் கொடுத்தார். அவர் இங்கிலீஷைப் பார்க்கவில்லை. கிழிந்த ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார், புளியின் தரம் பார்ப்பதுபோல. "எலி" என்றார். மண்டி வைத்திருப்பவர் சொன்னால் அது எலிதான்.

அப்போதுதான் டீச்சர், இந்த முடிவைத் தேடித் தானும் மூன்று வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சேலம், திருச்சி, மதராஸ், பெங்களூர் என்று கல்லூரிகளுக்கும் நூல் நிலையங்களுக்கும் பதினோரு கடிதம். இரண்டு பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருவர் புத்தகத்தின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார், இன்னொருவர் இன்ஸ்டிட்யூட்டில் சேரக் கட்டணம் என்ன என்று கேட்டிருந்தார். மண்டிக்காரர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பெங்களூரில் தனக்கு சம்பந்தி முறையில் ஒருவர் இருப்பதாகவும், அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் வயதான ஃபாதர் ஒருவர் இருப்பதாகவும் சொன்னார். டீச்சர் அங்கேயே பன்னிரண்டாவது கடிதத்தை அடித்தார். அந்த ஒரு பக்கத்தை இங்கிலீஷில் நகல் எடுத்து இணைத்தார். மண்டிக்காரர் தன் கையாலேயே அதைப் பெங்களூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் வந்து, பதில் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். மாடியைக் காலி செய்யச் சொன்ன ஆளே வாசலில் வந்து நிற்பதைப் பார்த்த சைக்கிள் கடைக்காரர், கேஸ் ஏதோ நடக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

பதில் வந்த அன்று நானும் இருந்தேன். டீச்சர் படித்துத் தமிழில் சொன்னார். அந்தக் கதையின் முடிவு இந்தப் புத்தகத்தில் மட்டும் கிழியவில்லை; உலகத்தில் எங்குமே இல்லை. ரோமாபுரியின் வேடிக்கைக் கதைகளில் பல இப்படித் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. தீ, கரையான், ஈரம், அக்கறையின்மை. அவன் என்ன கேட்டான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

மண்டிக்காரர் கடிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, இத்தனை படித்தவர்கள் இருந்தும் ஒருவர்கூடப் பத்திரமாக வைக்கவில்லையா என்று வருத்தப்பட்டார். அப்புறம் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்களே ஒண்ணு எழுதிருங்க டீச்சரம்மா. எஜமான் கெட்டவன் இல்லைங்கற மாதிரி."

"இல்லாதத எழுத மாட்டனுங்க."

"யாருக்குத் தெரியப்போவுது."

"எனக்குத் தெரியுமுங்க." டீச்சர் கடிதத்தை மடித்தார். பிறகு, அதட்டலே இல்லாமல், எங்களிடம் பேசும் குரலில் கேட்டார். "அவன் என்ன கேட்டிருப்பான்னு நெசமாவே உங்களுக்குத் தெரியலைங்களா?"

மண்டிக்காரர் பொட்டலக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் தலை இடித்தது. தடவிக்கொள்ளாமல் போனார். அடுத்த நாள் சாயங்காலம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. டீச்சர் வழக்கமான நேரத்தில் ஒரு தடவை வாசலைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

வைகாசியில் அவருடைய இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். எங்கள் இன்ஸ்டிட்யூட் முழுவதுக்கும் பத்திரிகை வந்தது. போனோம். ஒரே கொட்டகை, ஒரே பந்தி. தாசில்தாருக்குப் பக்கத்து இலையில் மூட்டை தூக்குகிறவர். புளி கொட்டை எடுக்கும் பெண்களுக்கு எதிரே சம்பந்தி வீட்டார். மண்டிக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ரோமாபுரி ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சோறு விழுந்தது.

மோட்டா அரிசி. எல்லோருக்கும் மோட்டா அரிசி. அதன்மேல் ரசம், கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் அதே ரசம். மனிதர் இரண்டு பந்தியை ஒன்றாக்கிவிட்டார், கீழ்ப் பந்தியின் விலையில். தாசில்தார் ஒரு வாய் வைத்துவிட்டு, ஏதோ அவசர ஃபைல் நினைவுக்கு வந்தவர்போலக் கூரையைப் பார்த்தார். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மூட்டைக்காரர், இது போன தடவைக்குத் தேவலை என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். உடம்பு குலுங்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த மனுஷி, இலைக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மண்டிக்காரர் கவலையோடு ஓடி வந்து, ஏதாவது குறையா என்று கேட்டார். குறையே இல்லை என்றார் டீச்சர். ரோமாபுரிக்காரரே எழுதியிருந்தாலும் இதைவிட நல்லதாக முடித்திருக்க மாட்டார் என்றார். மண்டிக்காரர் பெருமையில் இரண்டு அங்குலம் உயர்ந்தார். டீச்சர் ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சத்தியமாகப் பார்த்தேன்.

மாடியைத் திரும்பக் கொடுக்க வந்தார் மண்டிக்காரர். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். மழையில் தட்டிக்கொண்டு நடந்ததில் தனக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதாகக் காரணம் சொன்னார். சனிக்கிழமைதோறும் மண்டிக்காரர் கொட்டகைக்கு வந்து மற்றக் கதைகளையும் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு கதையிலும் ஊரில் ஒருவரைக் கண்டுபிடித்தார். பழக்கூடைக்காரன் இன்னார், கவிதை படிக்கிறவன் இன்னார் என்று அடித்துச் சொல்வார். தன்னை மட்டும் அதற்குப் பிறகு எதிலும் பார்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் டீச்சர் இன்ஸ்டிட்யூட்டை ஒரு பழைய மாணவியிடம் ஒப்படைத்துவிட்டு, பென்னாகரத்தைத் தாண்டி அண்ணன் நிலம் வாங்கியிருந்த இடத்துக்குப் போய்விட்டார். எனக்கு வேலை, கல்யாணம், பிள்ளைகள், இடமாற்றம். ஒரு தடவை ஒகேனக்கல் பக்கம் ஆபீஸ் வேலையாகப் போனவன், திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன். பச்சைத் துணி கட்டியிருந்தது. ஒரு மாதம் படிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. என் குரலைக் கேட்டதும், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"வா கண்ணு. அந்தப் பொட்டியில தமிழ்க் காயிதமெல்லாம் இருக்குது. எங்கண்ணன் படிக்கறாரு, கேட்டா ரேசன் லிஸ்டு மாதிரி இருக்குதுப்பா. நீ படி."

படித்தேன். கவிதை படிக்கிறவனைப் படித்தேன், பழக்கூடைக்காரர்களைப் படித்தேன், குடையோடு படுக்கிறவனைப் படித்தேன். கண்ணில் துணியோடு அவர் சிரித்தார். கண்ணுக்கு ஆகாது என்று அண்ணன் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். இன்னும் கொஞ்சம் சிரித்தார். வெயில் சாய்ந்து, ஆடுகள் திரும்பி வந்தன. ரோட்டுப் பக்கம் தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"போ கண்ணு, பஸ்ஸு போயிரும்" என்றார் டீச்சர்.

அடுத்த பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்த ரோட்டில் அதற்குப் பிறகு பஸ் கிடையாது.